ஒரே வார்த்தைக்கு இரண்டு மணி நேரம்: பிரிக்ஃபீல்ட்ஸ் சனிக்கிழமை ஆங்கில வகுப்புக்குப் போன கதை

வகுப்பு நடத்தும் நிலையத்தின் பெயரை எழுதப் போவதில்லை. டீச்சரைப் பற்றி நல்லபடியாகவும் நிலையத்தைப் பற்றிக் கொஞ்சம் கடுப்பாகவும் சொல்ல இருக்கிறது, பெயரைப் போட்டால் அவர்கள் மேல் உள்ள கோபம் டீச்சர் தலையில் போய் விடியும். கோலாலம்பூரில் பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் போய், வேலைக்குப் போகிறவர்களுக்கு மின்னஞ்சல் ஆங்கிலம் எங்கே சொல்லித் தருகிறார்கள் என்று கேட்டால் இரண்டு மூன்று இடம் காட்டுவார்கள். எந்த மாடிப்படி ஏறும்போது பாதியில் நின்று மூச்சு வாங்குகிறீர்களோ, அதுதான் நான் சொல்லும் இடம்.

நான் கிள்ளானில், சரக்கைக் கப்பலேற்றி அனுப்புகிற ஒரு ஃபார்வர்டிங் கம்பெனியில் கிராணி, அதாவது குமாஸ்தா. அப்பா காலத்தில் தோட்டத்துக் கிராணி என்றால் வெள்ளைச் சட்டை, சைக்கிள், எதிரே வருகிறவர்கள் ஒதுங்கி வழிவிடுவார்கள். இப்போது கிராணி என்றால் இரண்டு கம்ப்யூட்டர், நாலு வாட்சாப் குழு, மத்தியானச் சோறு மூன்று மணிக்கு. தமிழ்ப்பள்ளியில் படித்து, இடைநிலைப்பள்ளி போய், இடைநிலைப்பள்ளி முடிவில் எழுதும் எஸ்பிஎம் தேர்வில் ஆங்கிலத்தைத் தட்டுத்தடுமாறித் தேறினேன். பதினைந்து வருடமாக ஆங்கிலத்தில்தான் மின்னஞ்சல் எழுதுகிறேன், யாரும் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை, ஏனென்றால் எனக்கு எழுதுகிறவர்களும் என்னைப் போலவே எழுதுகிறவர்கள்.

போன வருடம்தான் வினை வந்தது. கையுறை ஏற்றுகிற ஒரு கன்டெய்னர், இங்கிலாந்துக்குப் போக வேண்டியது. முதலில் 12ஆம் தேதி லோரி என்று பேச்சு, அப்புறம் அவர்களே 19க்கு மாற்றச் சொன்னார்கள், மாற்றினேன். இரண்டு நாள் கழித்து அந்த ஊர் ஆள் ஒரே வரியில் எழுதினார்: ‘ப்ளீஸ் ரிவெர்ட் டு தி எர்லியர் டேட்.’ எங்கள் ஆபீசில் ரிவெர்ட் என்றால் பதில் எழுது. முதலாளி ஒரு நாளைக்குப் பத்து தடவை ‘ப்ளீஸ் ரிவெர்ட்’ போடுவார். ஆக, பழைய தேதி என்ன என்று கேட்கிறார் போல, பாவம், மறந்துவிட்டார் என்று நினைத்து, ‘டியர் சார், எர்லியர் டேட் இஸ் ட்வெல்த்’ என்று பவ்யமாக எழுதிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

அவர் சொன்னதோ பழைய தேதிக்கே திரும்ப மாற்றுங்கள் என்று. என் பதிலைப் பார்த்து, சரி, 12க்கே மாற்றிவிட்டார்கள் என்று நிம்மதியாகிவிட்டார். நான் பதில் போட்டாயிற்று என்று நிம்மதியாகிவிட்டேன். 12ஆம் தேதி லோரி வரவில்லை, கப்பல் போய்விட்டது. அடுத்த கப்பலில் ஏற்றுகிற வரைக்கும் நடந்ததை எல்லாம் எழுதினால் இது விமர்சனமாக இருக்காது, ஒப்பாரியாகிவிடும். அந்த வாரம் முழுக்க முதலாளி என் மேசைப் பக்கம் திரும்பவே இல்லை. இவ்வளவுக்கும் அந்த வார்த்தையை எனக்குப் பழக்கிவிட்டவரே அவர்தான்.

இப்படித்தான் வகுப்பைத் தேடினேன். ஆறு சனிக்கிழமை, காலை பத்திலிருந்து பன்னிரண்டு, 240 வெள்ளி (ரிங்கிட்), பதிவுக் கட்டணம் தனியாக 50. அந்த ஐம்பதைப் பற்றி விளம்பரத்தில் ஒரு வார்த்தை கிடையாது, மேலே ஏறி, மூச்சு வாங்கி, உட்கார்ந்த பிறகுதான் சொன்னார்கள். இனி இறங்கியா போகப்போகிறாள் என்று அவர்களுக்குத் தெரியும்.

கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயிலில் கேஎல் சென்ட்ரல் நிலையம் வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. காரில் வருகிறவர்களுக்கு என் அனுதாபம்: ஜாலான் துன் சம்பந்தனில் சனிக்கிழமை காலையில் பார்க்கிங் தேடுவதற்கு நாலு சுற்றுச் சுற்றினாலும் கிடைக்காது, கிடைத்தாலும் நாம் திரும்பி வரும்போது இன்னொருவர் குறுக்கே நிறுத்திவிட்டு வாழை இலைச் சாப்பாட்டில் உட்கார்ந்திருப்பார். ரயிலில் வாருங்கள், நியூ சென்ட்ரல் வழியாக வெளியே வந்தால் நடக்கிற தூரம்தான்.

அறை சின்னது. ஏர்கோன் பதினாறு டிகிரியில், ரிமோட் கீழே ஆபீசில் பூட்டி வைத்திருக்கிறார்கள். சுவரில் ‘முப்பது நாளில் சரளமான ஆங்கிலம்’ என்று ஒரு வெள்ளைக்காரக் குழந்தை சிரிக்கிற போஸ்டர். குழந்தைக்குச் சரளமாகத்தான் வரும், அதற்கென்ன. பதினோரு பேர் இருந்தோம். சைபர்ஜெயாவில் வேலை பார்க்கிற ஐடி தம்பி, மஸ்ஜித் இந்தியாவில் நாணய மாற்றுக் கடை வைத்திருக்கும் பாய் ஒருவர், செக்கியூரிட்டி மேற்பார்வையாளர், இரண்டு நர்ஸ், செந்தூலில் சொந்த ஃபிளாட் வாங்கிய ஆன்ட்டி, இப்படி.

டீச்சர் பணி ஓய்வு பெற்ற இடைநிலைப்பள்ளி ஆசிரியை. நூல் சேலை, கழுத்தில் கயிறு கட்டிய கண்ணாடி, கையில் சொந்தமாக வாங்கிய மார்க்கர் பேனா. நிலையத்துப் பேனா எழுதாதாம். முதல் வாரம் அறிமுகம், போரோ, லென்ட் என்று போனது. மலாயில் பின்ஜாம் என்ற ஒரே சொல் இரண்டுக்கும் நிற்பதால் நாம் ‘கேன் யூ போரோ மீ டென் ரிங்கிட்’ என்கிறோம், தமிழில் கடன் வாங்கு, கடன் கொடு என்று தனித்தனியாக வைத்துக்கொண்டே அந்தத் தப்பைச் செய்கிறோமே என்று அலுத்துக்கொண்டார். இரண்டாவது வாரம், உங்கள் ஆபீசில் தினமும் புழங்குகிற ஒரு வார்த்தையைச் சொல்லுங்கள், இன்றைக்கு அதை மட்டும்தான் பார்க்கப் போகிறோம் என்றார். நான் கை தூக்கி, கன்டெய்னர் கதையைச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. அந்த ஆள் எழுதிய வரியை அப்படியே பலகையில் எழுதச் சொன்னார்.

அப்புறம் அதன் கீழே தமிழில் இரண்டு சொல் எழுதினார். திரும்பு. திருப்பு.

தன்வினை, பிறவினை ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டார். தமிழ்ப்பள்ளி ஆட்கள் மூன்று பேர் தலையாட்டினோம். பிள்ளை பள்ளியிலிருந்து திரும்புகிறான், அது தன்வினை. பிள்ளை புத்தகத்தைத் திருப்புகிறான், அது பிறவினை. ஆங்கில ரிட்டர்ன் இரண்டு வேலையும் செய்யும், நான் வீட்டுக்கு ரிட்டர்ன் ஆகலாம், புத்தகத்தையும் ரிட்டர்ன் பண்ணலாம். ரிவெர்ட் அப்படியில்லை. அது வெறும் திரும்பு. தானாகத் திரும்பும், பின்னால் டு போட்டு எங்கே என்று சொல்ல வேண்டும். ஆகவே ‘ரிவெர்ட் தி டாக்குமென்ட் டு மீ’ என்று எழுதினால், ‘புத்தகத்தைத் திரும்பு’ என்று தமிழில் எழுதியது மாதிரி. எனக்கு அப்போதுதான் பளிச்சென்று விளங்கியது. இத்தனை வருடம் கூகிளில் தேடிப் பார்த்தும் யாரும் இப்படிச் சொல்லித் தரவில்லை, சொல்லித்தரத் தமிழ் வேண்டியிருந்தது.

திரும்புவது என்றால் எங்கே வேண்டுமானாலும் திரும்புவது இல்லை, முன்பு இருந்த நிலைக்கு, பழக்கத்துக்கு, ஏற்பாட்டுக்குத் திரும்புவது. தமிழில் ஒரே சொல்லில் வேண்டுமென்றால் ‘பழையபடி’ என்று நினைத்துக்கொள்ளுங்கள் என்றார். எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்குச் சட்டென்று புரிகிற உதாரணம் ஒன்று கொடுத்தார்: 2015 ஏப்ரலில் ஆறு விழுக்காட்டு ஜிஎஸ்டி வரி வந்தது, 2018 ஜூனில் அதைச் சுழியமாக்கினார்கள், அந்த வருடம் செப்டம்பரில் நாடு முன்பிருந்த எஸ்எஸ்டிக்கு, அதாவது விற்பனை, சேவை வரிக்கு, ரிவெர்ட் ஆனது. இன்வாய்ஸ் எல்லாவற்றையும் மறுபடி மாற்றி அடித்த ஞாபகம் எனக்கு நன்றாகவே இருக்கிறது, அந்த வார்த்தையை இனி மறக்க மாட்டேன். இன்னொன்று, 2003இல் பள்ளிகளில் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்துக்குப் போனது, 2009இல் முடிவெடுத்து அப்புறம் படிப்படியாகத் தேசியப் பள்ளியில் மலாய்க்கும் தமிழ்ப்பள்ளியில் தமிழுக்கும் திரும்பியது. அதுவும் ரிவெர்ட்தான். அதைச் சொல்லும்போது டீச்சர் குரல் கொஞ்சம் மாறியது, அந்தக் கொள்கை வந்ததும் போனதும் அவர் பள்ளியில் இருந்த காலத்தில்தான். மேலே எதுவும் பேசவில்லை.

அந்த நேரம் பார்த்து செக்கியூரிட்டி அண்ணன், ‘அப்படின்னா கோஸ்தான்தானே டீச்சர்?’ என்றார். அறையே சிரித்தது. நம் ஊரில் பிறந்து வளர்ந்தவர்களுக்குத் தெரியும், காரைப் பின்னால் எடுப்பது கோஸ்தான். டீச்சர் சிரித்து முடித்துவிட்டு, அது கப்பல்காரர்களின் கோ அஸ்டெர்ன், பின்பக்கமாகப் போ என்பது, வாய்க்கு வாய் தேய்ந்து கோஸ்தான் ஆகிவிட்டது என்றார். கார் பின்னால் வந்தால் ரிவெர்ஸ், மனிதர் பழைய பழக்கத்துக்குப் போனால் ரிவெர்ட். இரண்டும் உறவுக்காரர்கள், ஆனால் ஒருவர் வீட்டுக்கு இன்னொருவரை அனுப்பக் கூடாது.

உறவு என்றதும் லத்தீன் பக்கம் போனார். வெர்த்தெரே என்றால் திருப்புதல். ரி என்றால் பின்னால். அதே வெர்த்தெரேயிலிருந்துதான் கன்வெர்ட், டைவெர்ட், இன்ட்ரோவெர்ட் எல்லாம். பாட்டுக்கு ஆங்கிலத்தில் வெர்ஸ் என்கிறோமே, அதுவும் அங்கேயிருந்து வந்தது, உழவன் ஒரு சால் முடிந்ததும் ஏரைத் திருப்பி அடுத்த சாலுக்கு வருகிற மாதிரி ஒரு வரி முடிந்து அடுத்த வரிக்குத் திரும்புவது. நான் ஏர் பார்த்ததில்லை. அப்பா ரப்பர் தோட்டத்துப் பால்வெட்டில் ஒரு நிரை மரம் முடித்துவிட்டு அடுத்த நிரைக்குத் திரும்புவதைப் பார்த்திருக்கிறேன், விடியாத இருட்டில் தலையில் விளக்கோடு. அதை நினைத்துக்கொண்டேன்.

ஆனால் என்னை அசத்தியது அடுத்தது. சமஸ்கிருதத்திலும் அந்த லத்தீன் சொல்லுக்கு ஒரு சொந்தம் இருக்கிறது, வ்ருத் என்ற வேர், அதற்கும் சுழல், திரும்பு என்றே பொருள், அதிலிருந்து வந்து தமிழில் குடியேறியவைதான் விருத்தம், ஆவர்த்தனம், பரிவர்த்தனை என்றார். நர்ஸ் ஒருவரின் மகள் பக்கத்திலேயே டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸில் பாட்டு படிக்கிறாள். தாளம் ஒரு சுற்று முடிந்து எடுத்த இடத்துக்கே வருவதுதானே ஆவர்த்தனம் என்று அவர் கேட்க, டீச்சர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு மேசையில் ஆதி தாளம் போட்டுக் காட்டினார். எட்டு அட்சரம், மறுபடி ஒன்று. ‘ரிவெர்ட்’ என்றார் அந்த ஒன்றில். ஆங்கில வகுப்பில் நான் தாளம் போடுவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

சரி, ஆபீசில் பதில் எழுது என்ற அர்த்தத்தில் சொல்கிறோமே, அது தப்பா? இந்தக் கேள்விக்கு அவர் சொன்ன பதிலுக்காகத்தான் நான் இவ்வளவு எழுதுகிறேன். தப்பு என்று ஒரே போடாகப் போடவில்லை. இந்தியாவில், இங்கே, சிங்கப்பூரில் லட்சக்கணக்கானவர்கள் தினமும் எழுதுகிறார்கள், சில அகராதிகள் இந்த வட்டாரத்து வழக்கு என்ற குறிப்போடு அதைச் சேர்த்தும்விட்டன. பேசிக்கொண்டிருந்த விஷயத்துக்குத் திரும்பி வருவதற்கும் ஆங்கிலத்தில் ரிவெர்ட் உண்டு, அதிலிருந்து ‘விசாரித்துவிட்டு உங்களிடம் திரும்பி வருகிறேன்’ என்று நீண்டு, கடைசியில் வெறும் பதிலாக இளைத்திருக்கலாம் என்பது அவர் ஊகம். ஆனால் இந்த வழக்கம் தெரியாத இங்கிலாந்துக்காரர் காதில் ‘ஐ வில் ரிவெர்ட் டு யூ’ எப்படி விழும் தெரியுமா? ‘நான் மறுபடியும் நீங்களாகவே ஆகிவிடுகிறேன்’ என்று. பாய் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார், புரையேறிவிட்டது.

அவர்தான் அடுத்ததை எடுத்தார். இஸ்லாத்துக்கு வந்தவர்கள் சிலர் தங்களைக் கன்வெர்ட் என்று சொல்லாமல் ரிவெர்ட் என்று சொல்லிக்கொள்கிறார்களே, அது எந்தக் கணக்கு என்றார். பதிலையும் அவரே சொன்னார்: எல்லாக் குழந்தையும் இயற்கையான இறைநம்பிக்கையோடுதான் பிறக்கிறது என்பது அவர்கள் நம்பிக்கை, ஆகவே வருவது புதிதாக மாறுவது ஆகாது, பிறந்த இடத்துக்குத் திரும்புவது. பார்த்தீர்களா, அங்கேயும் ‘பழையபடி’ இருக்கிறது என்றார் டீச்சர். இந்த இடத்தில் அது பெயர்ச்சொல், அழுத்தம் ரியில் விழும். வினையாக வரும்போது வெர்ட்டில் விழும். நாங்கள் பதினோரு பேரும் வினைக்கும் ரியில்தான் அழுத்திக்கொண்டிருந்தோம்.

செந்தூல் ஆன்ட்டிக்கு வேறு கவலை. அவர் ஃபிளாட் லீஸ்ஹோல்ட், 99 வருடம். வாங்கும்போது லாயர் தந்த தாளில், தவணை முடிந்ததும் நிலம் அரசுக்கு ரிவெர்ட் ஆகும் என்று இருந்ததாம், அரசு நமக்குப் பதில் கடிதம் போடும் என்று இத்தனை நாள் நினைத்திருக்கிறார். குத்தகை முடிந்தால் நிலம் திரும்ப அரசிடம் போய்விடும், நீட்டிக்க வேண்டுமானால் விண்ணப்பித்து பிரீமியம் கட்ட வேண்டும் என்று டீச்சர் விளக்கியதும் ஆன்ட்டி முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். என் கன்டெய்னராவது அடுத்த கப்பலில் ஏறியது.

ஐடி தம்பி ஒரு ஓட்டை கண்டுபிடித்தார். நாங்கள் ‘கிட்’ என்ற மென்பொருளில், ப்ரோகிராமில் செய்த மாற்றத்தை ரிவெர்ட் பண்ணுகிறோமே, அது திருப்புதானே, டீச்சர் சொன்ன விதி உடைகிறதே என்றார். உடையட்டும், கம்ப்யூட்டர்காரர்கள் அதைப் பிறவினையாக்கிக்கொண்டார்கள், அவர்கள் வீட்டுக்குள் அது சரி என்று டீச்சர் உடனே ஒப்புக்கொண்டார். எனக்குப் பிடித்தது இதுதான். தெரியாததைத் தெரிந்த மாதிரி மழுப்புகிற ஆள் இல்லை. ‘ரிவெர்ட் பேக்’ மட்டும் வேண்டாம், ரியிலேயே பின்னால் இருக்கிறது, நடு சென்டர் மாதிரி ஆகிவிடும் என்றார். அதோடு மணி பன்னிரண்டே கால்.

முதலாளி ரிவெர்ட் என்று எழுதினால் திருத்தாதே, உன் சம்பளம் அவர் கையில் என்றும் சொன்னார். உள்ளூருக்குள் எழுதினால் பரவாயில்லை, வெளிநாட்டுக்கு ‘ரிப்ளை’ அல்லது ‘கெட் பேக் டு மீ’ போதும் என்பது அவர் யோசனை. நான் கொஞ்சம் கூடுதலாகப் போய், உள்ளூருக்கும் ரிப்ளை என்றே எழுதத் தொடங்கிவிட்டேன். ஆளைப் பார்த்து வார்த்தையை மாற்றுகிற அளவுக்கு எனக்கு நிதானம் போதாது, வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு எந்த ஊர் ஆளுக்கு எழுதுகிறேன் என்பதே மறந்துவிடும்.

இனி குறைகள். நோட்ஸ் என்று தருவது நகலுக்கு நகல் எடுத்த தாள், பாதி எழுத்து தெரியாது, டீச்சர் பலகையில் எழுதியதுதான் எனக்கு நோட்ஸ். பத்து மணி வகுப்பு ஒரு தடவைகூடப் பத்துக்குத் தொடங்கவில்லை, ஏனென்றால் அதற்கு முந்தைய சிறுவர் வகுப்பை அதே அறையில் இழுத்துக்கொண்டே போவார்கள். ஒரு சனிக்கிழமை தீபாவளிக்காக விட்டார்கள், அது நியாயம். ஆனால் அதற்குப் பதில் வகுப்பு கிடையாது, யாரோ எங்கேயோ எடுத்த வீடியோ இணைப்பை அனுப்பிவிட்டுக் கணக்கை முடித்துக்கொண்டார்கள். கேட்டால், ‘மேனேஜ்மென்ட் வில் ரிவெர்ட்’ என்று வாட்சாப்பில் வந்தது. சத்தியமாக. பதிலும் வரவில்லை, பழையபடியும் ஆகவில்லை.

யாருக்கு இந்த வகுப்பு? வேகமாகப் பேசப் பழக வேண்டும், இன்டர்வியூ இருக்கிறது என்பவர்களுக்கு இல்லை. ஆறு வாரத்தில் மொத்தம் எட்டு, ஒன்பது வார்த்தை பார்த்திருப்போம், போஸ்டர் குழந்தை கேட்டால் அழும். ஏற்கெனவே ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டு, எங்கே இடறுகிறோம் என்று தெரியாமல் இருப்பவர்களுக்கு நல்லது. தமிழ் தெரிந்தால் இன்னும் நல்லது, முக்கால்வாசி விளக்கம் அதில்தான். டீச்சருக்கு ஐந்துக்கு ஐந்து, நிலையத்துக்கு ஐந்துக்கு இரண்டு, அந்த இரண்டும் கழிப்பறை சுத்தமாக இருந்ததற்கு.

அடுத்த ஆறு வாரத்துக்கும் பணம் கட்டிவிட்டேன். பதிவுக் கட்டணம் மறுபடியும் ஐம்பது கேட்டார்கள், முடியாது என்று நின்றேன், தள்ளுபடி செய்துவிட்டார்கள், நீங்களும் நின்று பாருங்கள். சுவெட்டர் மறக்காமல் எடுத்துப் போங்கள்.